டிரெய்லரோடு வரும் பாய்மரப் படகு: பழைய கேட்டலினா 22-ஐ வாங்கி, வைத்து, ஓட்டும் முறை

பழைய கேட்டலினா 22 விற்பனைக்கு வரும்போது விளம்பரத்தில் பாயின் படம் இருக்கும், மெத்தையின் படம் இருக்கும், தேக்குச் சட்டத்துக்கு எண்ணெய் பூசிப் பளபளக்க எடுத்த படமும் இருக்கும். இவற்றில் எதுவும் படகை மூழ்கடிக்காது. நெடுஞ்சாலையில் சக்கரத்தைக் கழற்றிவிடாது. அதைச் செய்யக்கூடியவை எல்லாம் குனிந்து பார்த்தால் மட்டுமே தெரியும் இடங்களில் இருக்கின்றன: கீலை, அதாவது படகின் அடியில் தொங்கும் கனமான இரும்புத் தகட்டைத் தாங்கும் அச்சாணி, அதைத் தூக்கும் கம்பிக் கயிறு, அந்தக் கயிறு உள்ளே வரும் சிறு ரப்பர் ஹோஸ், டிரெய்லரின் பேரிங். கையில் இருக்கும் பணத்தையும் முதல் மாத உழைப்பையும் அங்கே போடுங்கள். புதுப் பாய் அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்ளலாம்.

கலிபோர்னியாவின் ஃபிராங்க் பட்லர் வடிவமைத்த இந்தப் படகு 1969-ல் அறிமுகமானது. இதுவரை 15,000-க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். அரை நூற்றாண்டு பழைய படகுக்கும் உதிரி பாகம் தட்டுப்பாடில்லாமல் கிடைப்பதற்கு அதுதான் காரணம். இதே அளவில் வேறு பழைய படகு வாங்க நினைப்பவர்கள் இதை ஒரு தரம் யோசிக்க வேண்டும். நீளம் 21 அடி 6 அங்குலம், அகலம் 7 அடி 8 அங்குலம். அமெரிக்காவில் பெரிய சாலைகளில் தனி அனுமதி இல்லாமல் இழுத்துப்போகக்கூடிய அகலம் 8 அடி 6 அங்குலம் என்பதால் சாலையில் தொல்லையில்லை. எடை சுமார் 2,250 பவுண்டு, அதாவது 1,020 கிலோ. அதில் 550 பவுண்டு, 250 கிலோ, அடியில் தொங்கும் வார்ப்பிரும்புக் கீல். அதைத் தூக்கினால் படகுக்கு 2 அடித் தண்ணீர் போதும். இறக்கினால் 5 அடி வேண்டும்.

நிலையான கீல் கொண்ட கேட்டலினா 22-களும் உண்டு. காற்றை எதிர்த்து ஏறுவதில் அவை மேல், பராமரிப்பும் குறைவு. ஆனால் மூன்றரை அடி ஆழத்தை வைத்துக்கொண்டு கரையின் சாய்தளத்தில் படகை நீரில் இறக்குவது ஒவ்வொரு முறையும் ஒரு போராட்டம். டிரெய்லரில் வைத்து ஊர் ஊராகப் போவதுதான் நோக்கம் என்றால் மடக்கும் கீலையே எடுங்கள். இங்கே சொல்வதெல்லாம் அந்த வகைக்குத்தான்.

வாங்கும் முன்

முதலில் உள்ளே போங்கள். அறைக்குள் இறங்கும் படியைக் கழற்றினால் கீலைத் தூக்கும் வின்ச், அதாவது கையால் சுற்றும் உருளை, தெரியும். அதற்குக் கீழே படகின் தரையில் ஃபைபரால் ஆன ஒரு சிறு மேடு. உரிமையாளர்கள் அதை எரிமலை என்பார்கள். கம்பிக் கயிறு படகின் அடியைத் துளைத்து மேலே வரும் வாய் அது. மேட்டின் உச்சியில் ஒரு ரப்பர் ஹோஸ் செருகி, இரு முனையும் கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்கும். படகு மிதக்கும்போது அந்த ஹோஸுக்குள் எப்போதும் தண்ணீர் நிற்கும். அதை அடைக்க வால்வு எதுவும் கிடையாது. ஹோஸ் வெடித்தாலும் கிளாம்ப் துருப்பிடித்து அறுந்தாலும், ஆள் இல்லாத படகு கட்டிய இடத்திலேயே அமிழ்ந்துவிடும். ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள். கல்போல இறுகியிருந்தாலோ மடிப்பில் வெடிப்புக் கோடுகள் தெரிந்தாலோ மாற்ற வேண்டும். எப்படியிருந்தாலும் வாங்கிய கையோடு மாற்றிவிடுவது நல்லது. செலவு ஒரு நல்ல சாப்பாட்டுக்கு ஆகிற அளவுதான். புது ஹோஸ் துணிநார் வலுவூட்டிய கடல் உபயோகத்துக்கானதாக இருக்கட்டும். ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளாம்ப். திருகு உட்பட முழுவதும் எவர்சில்வரா என்று காந்தம் வைத்துப் பாருங்கள். பட்டை மட்டும் எவர்சில்வராக, திருகு சாதா இரும்பாக வருவதுதான் கடையில் மலிவாகக் கிடைக்கும், முதலில் அறுவதும் அதுதான்.

அடுத்து கம்பிக் கயிறு. 3/16 அங்குலத் தடிமன், எவர்சில்வர். கிழிந்த துணியால் பிடித்து நீளம் முழுக்க உருவுங்கள். துணி எங்காவது சிக்கினால் ஒரு இழை அறுந்திருக்கிறது என்று பொருள். கயிறு கழிவுக்குப் போக வேண்டும். கீலில் மாட்டும் முனையையும் தனியாகப் பாருங்கள், ஏனென்றால் அது எப்போதும் நீருக்குள் இருக்கிறது. இந்தக் கயிறு அறுந்தால் 250 கிலோ இரும்பு தன் பாட்டுக்கு வீசி இறங்கும். அது மோதும் இடம் படகின் ஃபைபர்.

கீல் தொங்குவது 1 அங்குலத் தடிமனுள்ள அச்சாணியில். அதை இரு பக்கமும் இரு வெண்கலத் தாங்கிகள் பிடித்திருக்கும். தாங்கிகளைப் படகின் அடியோடு போல்ட்டுகள் பிணைத்திருக்கும். காலப்போக்கில் அச்சாணி தேயும், கீலில் உள்ள துளை முட்டை வடிவமாகும். நங்கூரம் போட்டுத் தூங்கும் இரவில் அடியிலிருந்து டக், டக் என்று கேட்பது இந்த இடைவெளிதான். சிறிது ஆட்டம் எல்லாப் படகிலும் உண்டு. போல்ட் தலைகளைச் சுற்றித் துரு வழிந்திருந்தால், அல்லது தாங்கிக்கும் படகுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால், அது வேறு கதை: விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது நடையைக் கட்டுங்கள்.

பிறகு மேல்தளம். ஃபைபரின் இரு அடுக்குகளுக்கு நடுவே பிளைவுட் இருக்கிறது. பக்கக் கம்பிகள் பொருந்தும் பட்டைகள், கைப்பிடிகள், கயிறு கட்டும் கொண்டிகள் ஆகியவற்றின் திருகுத் துளைகள் வழியாக நீர் இறங்கி அதை ஊறவைக்கும். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். ‘டக்’ என்ற கூர்மையான ஓசை நல்லது. ‘தொப்’ என்று மந்தமாகக் கேட்டால் உள்ளே மரம் செத்துவிட்டது. பாய்மரம் நிற்கும் இடத்தைச் சுற்றித் தளம் குழிந்திருக்கிறதா, அறைக்குள் அதை முட்டுக்கொடுக்கும் தூணின் அடி மெத்தென்று இருக்கிறதா என்று பாருங்கள். திருகு ஒன்றைச் சுற்றி உள்ளங்கை அளவு மரம் கெட்டிருந்தால் பரவாயில்லை, சரிசெய்துகொள்ளலாம். தளத்தில் கால்வாசி அப்படியிருந்தால் அந்தப் படகு வேண்டாம். அடிப்பக்கம் சிறு சிறு கொப்புளங்கள் இருப்பதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. நீரில் பல வருடம் நின்ற படகுகளுக்கு அது வரும்.

டிரெய்லர் இல்லாத படகு விலை மலிவாகத் தெரியும். தனியாக ஒரு டிரெய்லர் தேடிப் போனால் படகின் விலையையே அது தாண்டிவிடக்கூடும்.

டிரெய்லர்

படகு, டிரெய்லர், மோட்டார், தண்ணீர், நங்கூரம், சாமான் எல்லாம் சேர்ந்தால் 3,500 பவுண்டைத் தாண்டும். வண்டியின் இழுவைத் திறன் 3,500 பவுண்டு என்று கையேட்டில் போட்டிருந்தால் அது போதாது. 5,000 உள்ள வண்டி வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேல் டிரெய்லருக்கும் பிரேக் கட்டாயம். சட்டம் இல்லாத இடத்திலும் பிரேக் வைத்துக்கொள்ளுங்கள்.

கொக்கியின்மேல் இறங்கும் எடை மொத்தத்தில் 7 முதல் 10 சதவீதம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் 90 கிலோமீட்டர் வேகத்தில் டிரெய்லர் பாம்புபோல் நெளியத் தொடங்கும். காரணம் பெரும்பாலும் மோட்டாரும் பெட்ரோல் டாங்கும் பேட்டரியும் பின்பக்கமே சேர்ந்திருப்பதுதான். மோட்டாரைக் கழற்றி வண்டிக்குள் போடுங்கள். அதுவும் போதவில்லையென்றால் முன்பக்கத் தாங்கியை நகர்த்திப் படகையே முன்னே தள்ளி நிறுத்த வேண்டும்.

பேரிங் போவதற்குக் காரணம் தூரம் அல்ல, தண்ணீர். இரண்டு மணிநேரம் ஓடிவந்த ஹப் சூடாக இருக்கும். அதைக் குளிர்ந்த ஏரித் தண்ணீரில் முக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு மாதக்கணக்கில் நிற்கும்போது துரு. இதற்கு மருந்து மிக எளிது: போய்ச் சேர்ந்ததும் முதலில் பாய்மரம் நிறுத்துங்கள், மற்ற வேலைகளைச் செய்யுங்கள், ஹப் கை வைக்கும் அளவுக்கு ஆறிய பிறகு இறக்குங்கள். ஸ்பிரிங் வைத்த கிரீஸ் மூடி போடுவதும் உதவும், ஆனால் கிரீஸை அளவுக்கு மேல் அழுத்தினால் பின் சீல் பிதுங்கி, எதற்காகப் போட்டோமோ அதுவே கெடும். ஆண்டுக்கு ஒரு முறை பேரிங்கை வெளியே எடுத்துக் கழுவிப் புது கிரீஸ் அடையுங்கள். கிரீஸ் பால்போல் வெளுத்திருந்தால் நீர் போயிருக்கிறது, சீலை மாற்றுங்கள். கூடவே ஒரு முழு ஹப்பை, பேரிங் அடைத்தபடி, வண்டியில் எப்போதும் வைத்திருங்கள். வழியில் நின்றுபோனால் அரை மணியில் கிளம்பலாம்.

டயர் ரப்பர் பட்டன் தேய்ந்து சாவதில்லை. வெயிலில் வெடித்துச் சாகும். பக்கவாட்டில் உள்ள கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். ஐந்தாறு வருடம் ஆகிவிட்டால் பட்டன் புதிதாகவே தெரிந்தாலும் மாற்றுங்கள்.

இன்னொன்று. சாலையில் போகும்போது கீலைக் கம்பிக் கயிற்றில் தொங்கவிடக் கூடாது. டிரெய்லரின் குறுக்குச் சட்டத்தில் ஒரு கட்டை வைத்து, கீல் அதன்மேல் உட்காரும் வரை இறக்கிவிடுங்கள். குழியில் விழும் ஒவ்வொரு அதிர்ச்சியையும் கட்டை வாங்கிக்கொள்ளும். ஆனால் சாய்தளத்தில் பின்னோக்கி இறங்குவதற்கு முன் மறுபடி முழுதாகத் தூக்குங்கள். மறந்தால் படகு மிதந்து எழும்போது கீல் தொங்கியபடி சட்டத்தில் மாட்டும்.

பாய்மரத்தை நிறுத்துவது

பாய்மரம் 25 அடி நீளம். எடை அதிகமில்லை, ஆனால் அடியில் ஒரே ஒரு போல்ட்டில் திரும்புவதால் முதல் 30 டிகிரி வரை மிகக் கனமாகத் தெரியும், பக்கவாட்டில் சாயத் துடிக்கும். இரண்டு பேர் தோளால் தூக்கி நிறுத்திவிடலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஒருவர் கால் வழுக்கினால் பாய்மரத்தின் அடிப்பொருத்து வளைந்து, தளமும் பிய்ந்து வரும். ஆகவே சுமார் 6 அடி நீளமுள்ள அலுமினியக் குழாய் ஒன்றை நெம்புகோலாக வைப்பது நல்லது. அதன் அடி பாய்மரத்தின் அடியில் பொருந்த வேண்டும். அதன் நுனியிலிருந்து ஒரு கயிறு பாய்மரத்தின் மேற்பாதிக்கு. முன்பாய் ஏற்றும் கயிற்றையே இதற்குக் கட்டிக்கொள்ளலாம். நுனியிலிருந்து இன்னொரு பக்கம், பெரிய பாயின் கப்பித் தொகுதியைப் படகின் முன்முனையான அணியத்தில் மாட்டி இழுங்கள். குழாயின் நுனி இருபுறமும் சாயாமல் பக்கத்துக்கொரு சிறு கயிறு தளத்தின் ஓரத்துக்கு. இப்படி அமைத்தால் ஒருவரே தனியாக நிறுத்திவிடலாம்.

முதலில் தலையைத் தூக்கி மேலே பாருங்கள். டிரெய்லர்மேல் நிற்கும் படகில் பாய்மரத்தின் உச்சி தரையிலிருந்து 10 மீட்டரைத் தாண்டும். வாகனம் நிறுத்தும் இடத்துக்கும் சாய்தளத்துக்கும் நடுவே மின்கம்பி ஒன்று போனால் அங்கே பாய்மரத்தை நிறுத்தக் கூடாது. இந்த விளையாட்டில் ஆளைக் கொல்வது கடல் மட்டுமல்ல, இதுவும்தான்.

மேல் பக்கக் கம்பிகள் இரண்டு, பின் கீழ்க்கம்பிகள் இரண்டு, பின்கம்பி ஆகியவை மாட்டியே இருக்கட்டும். முன் கீழ்க்கம்பிகள் இரண்டையும் முன்கம்பியையும் கழற்றி வையுங்கள். பாய்மரத்தின் உச்சியைப் பின்பக்கம் ஒரு கவைக்கட்டையில் தூக்கி வைத்திருந்தால் தொடக்கத்தின் கனம் பாதியாகும். மெதுவாக இழுங்கள். ஒவ்வொரு அரை மீட்டருக்கும் நிறுத்திக் கம்பிகளைப் பாருங்கள்: ஏதாவது ஒன்று கதவுச் சட்டத்திலோ மோட்டாரிலோ கொண்டியிலோ நிச்சயம் சிக்கியிருக்கும். கம்பிகளை இறுக்கும் திருகுகளான டர்ன்பக்கிள்களின் அடி கம்பி போகும் பக்கமாகச் சாய்ந்து கொடுக்கிறதா என்றும் பாருங்கள். குறுக்கே நிமிர்ந்து நின்றபடி இழுபட்டால் திருகுத்தண்டு வளையும். அன்று எதுவும் தெரியாது, அடுத்த பலத்த காற்றில் அந்த இடத்தில்தான் ஒடியும். வளைந்த தண்டை நிமிர்த்திப் பயன்படுத்தாதீர்கள். முன்கம்பியை மாட்டி, எல்லாவற்றுக்கும் கழன்றுவிடாமல் தடுக்கும் காட்டர் பின் போட்டு, நுனிகளை டேப்பால் சுற்றுங்கள்.

கம்பிகளின் இறுக்கம்: மேல் கம்பிகள் இறுக்கமாக, கீழ்க்கம்பிகள் அதைவிடச் சற்றுத் தளர்வாக. பாய் ஏற்றி 15 டிகிரி சாய்ந்து ஓடும்போது, காற்று போகும் பக்கத்துக் கம்பி லேசாகத் தளரத் தொடங்க வேண்டும். அதற்கு முன்பே தொங்கினால் இன்னும் இறுக்குங்கள். சரியான இடம் கிடைத்ததும் திருகுத்தண்டில் நிறம் பூசி அடையாளம் வைத்துவிட்டால் அடுத்த முறை அளக்க வேண்டியதில்லை. பழகியவர்களுக்கு வந்து சேர்ந்ததிலிருந்து இறக்குவது வரை ஒரு மணிநேரம். பழகாதவர்கள் கயிறுகளைச் சுருட்டிப் பெயர் எழுதி வைப்பதில் அரை நாள் செலவழித்தால், அது அந்தப் பருவம் முழுக்கத் திரும்பக் கிடைக்கும். எடுத்து நிறுத்தச் சோம்பல்பட்டே பல நல்ல படகுகள் வீட்டு முற்றத்தில் இலை மூடிக் கிடக்கின்றன.

இறக்குவதும் ஏற்றுவதும்

சாய்தளத்தை அடையும் முன்பே மோட்டார் மாட்டி, கரைக் கயிறுகள் இரண்டு கட்டி, பக்கவாட்டு மிதவைகள் தொங்கவிட்டு, சுக்கான் மேலே மடக்கி, கீல் முழுதாகத் தூக்கி இருக்க வேண்டும். கட்டுப்பட்டைகளை அவிழ்த்துவிடலாம்; அணியத்தைப் பிடித்திருக்கும் பட்டையும் சங்கிலியும் கடைசியில், சக்கரம் நீரைத் தொட்ட பிறகு. கேட்டலினா 22 மோட்டார் படகைவிட ஆழமாக உட்காரும். சரிவு குறைந்த சாய்தளத்தில் வண்டியின் பின்சக்கரம் நனைந்த பிறகும் படகு மிதக்காது. இதற்கு 8 முதல் 10 அடி நீட்டிப்புக் குழாய் டிரெய்லரின் நாக்கில், அதாவது வண்டியோடு இணையும் முன்தண்டில், செருகும்படி செய்துகொள்ளுங்கள். கயிறு கட்டி டிரெய்லரைத் தனியாக உருட்டிவிடுபவர்களும் உண்டு. டிரெய்லரின் முன்சக்கரம் பெரிதாக, தளம் வழவழப்பாக இருந்தால் மட்டும் அது சரிவரும்.

கீலை இறக்க ஆறடிக்கு மேல் ஆழம் வரட்டும். வின்ச் கைப்பிடியை உறுதியாகப் பிடித்து, திருப்பித் திருப்பி இறக்குங்கள். கையை விட்டுவிட்டுச் சுழலவிடக் கூடாது. கயிற்றில் இழுவை போனதும் நிறுத்துங்கள். அதற்கு மேலும் சுற்றினால் தளர்ந்த கயிறு உருளையில் தாறுமாறாகப் படிந்து, மேலே தூக்கும்போது சிக்கிக்கொள்ளும்.

திரும்பி ஏற்றும்போது நடக்கும் தவறு ஏறக்குறைய எப்போதும் ஒன்றேதான்: கீல் முழுதாக மேலே வரவில்லை. களைப்பில் கடைசிச் சில சுற்றுகள் விட்டுப்போகும். கைப்பிடி நின்றுபோகும் வரை சுற்றுங்கள். டிரெய்லரின் பின்முனைகளில் இரண்டு நிமிர்ந்த பிளாஸ்டிக் குழாய்கள் வைத்தால் பக்கக் காற்றிலும் படகு நடுவில் வந்து உட்காரும்.

தண்ணீரில்

இந்தப் படகின் வேக எல்லை ஏறத்தாழ 6 நாட், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர். அதற்கு மேல் எவ்வளவு பாய் விரித்தாலும் அது சாய்வாக மாறுமே தவிர வேகமாக மாறாது. 10 நாட் காற்றுவரை ஜெனோவா என்ற பெரிய முன்பாயும் முழுப் பெரிய பாயும் இனிமையாக ஓடும். 12 நாட்டில் ஜெனோவாவை எடுத்துச் சிறிய முன்பாய் போடுங்கள். 15 நாட்டில் பெரிய பாயை முதல் மடிப்புக்குச் சுருக்குங்கள். 20-க்கு மேல் என்றால், பழகாதவர்கள் கரையில் தேநீர் குடித்துக்கொண்டு மற்றவர்களைப் பார்க்கலாம். சுருக்குவதை முன்கூட்டியே செய்யுங்கள். ஏரியில் அலை வெண்மை கட்டிய பிறகு பாய்மரத்தடியில் போய் நிற்பது தேவையில்லாத வீரம்.

20 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் படகு காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும், சுக்கான் கைப்பிடி கனக்கும். முதலில் பெரிய பாயின் கயிற்றைத் தளர்த்துங்கள், ஆட்கள் காற்று வரும் பக்கம் உட்காருங்கள். அப்போதும் கை வலித்தால் சுக்கானின் அலகைப் பாருங்கள்: மடக்கும் சுக்கான் சில டிகிரி பின்னால் எழும்பியிருந்தால்கூட கனம் இரட்டிப்பாகும். அதைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கயிறு நைந்திருப்பதுதான் வழக்கமான காரணம்.

4 நாட்டைத் தாண்டினால் படகின் அடியிலிருந்து ஒரு ரீங்காரம் எழும். புதிதாக வாங்கியவர்கள் பயந்துபோவார்கள். கீலின் கம்பிக் கயிறு நீரோட்டத்தில் அதிரும் ஓசை அது, ஆபத்தில்லை. பொறுக்க முடியாதவர்கள் எரிமலைக்கு அருகே கயிற்றைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் ஒரு சிறு பொருத்தை மாட்டிக்கொள்கிறார்கள்.

கீலைத் தூக்கி வைத்துக்கொண்டு பாய் விரித்து ஓடாதீர்கள். பின்காற்றில் கொஞ்சம் தூக்கினால் இழுவை குறையும் என்பது உண்மை. ஆனால் சாய்ந்த படகை நிமிர்த்துவது அந்த இரும்பு கீழே இருப்பதுதான். கீல் மடங்கி ஏறும் பெட்டியின் பக்கத்தில் ஒரு பூட்டு போல்ட் இருக்கும். அது கீலை ஆடாமல் அழுத்திப் பிடிக்க மட்டுமே, கவிழும்போது கீலைத் தாங்காது. பலத்த காற்றில் அறை வாசலின் கீழ்ப்பலகை செருகியே இருக்கட்டும், உட்காரும் பெட்டிகளின் மூடிகள் கொக்கி போட்டிருக்கட்டும். படகு பக்கவாட்டில் படுத்தால் எழுந்துவிடும். திறந்த மூடி வழியாக நீர் நிறைந்துவிட்டால் எழாது. தண்ணீர் நிறைந்த படகு மிதக்கும் என்று நம்பியிராதீர்கள்.

மோட்டார் 5 அல்லது 6 குதிரைசக்தி போதும். தண்டு 20 அங்குல நீளம் வேண்டும். குட்டைத் தண்டு அலையில் வெளியே வந்து வெறுமனே சுழலும். பயணம் முடிந்ததும் பெட்ரோல் குழாயைக் கழற்றி, கார்புரேட்டர் காலியாகும் வரை ஓடவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் உள்ளே காய்ந்து பசையாவதுதான் “போன மாதம் ஓடிய மோட்டார் இன்று ஏன் ஓடவில்லை” என்ற கேள்விக்குப் பதில். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அறைக்குள் வைத்தால் தரையில் தேங்கும். டாங்க் வெளியே காற்றோட்டமுள்ள பெட்டியில்தான்.

ஐந்து பேர் தூங்கலாம் என்று விற்பனைத் தாள் சொல்லும். இரண்டு பெரியவர்கள் வசதியாக, ஒரு குழந்தையோடு சமாளித்து. அறைக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. கூரை மேலெழும் வகை கிடைத்தால் சமையலுக்கு அது பெரிய வசதி. நங்கூரத்துக்கு 8 பவுண்டு டான்ஃபோர்த் வகை, 4 மீட்டர் சங்கிலி, 45 மீட்டர் நைலான் கயிறு. எவ்வளவு விடுவது? ஆழத்தோடு அணியத்தின் உயரத்தையும் கூட்டி ஏழால் பெருக்குங்கள்: 3 மீட்டர் ஆழம், 1 மீட்டர் உயரம் என்றால் 28 மீட்டர். பகலில் ஆள் விழித்திருந்தால் ஐந்து மடங்கு போதும். இந்தப் படகின் நிஜமான சுகம் இங்கேதான் இருக்கிறது: பெரிய படகுகள் எட்டிப் பார்க்க முடியாத இரண்டடித் தண்ணீரில், கீலும் சுக்கானும் தூக்கி, மணலில் மூக்கு வைத்து இறங்கி நடக்கலாம். யூட்டா, அரிசோனா எல்லையில் உள்ள பவல் ஏரியின் குறுகிய பள்ளத்தாக்குகளுக்கு இதைவிடப் பொருத்தமான படகு கிடையாது. நீர்மட்டம் இறங்கும் இடத்தில் இரவு முழுக்க மணலில் விடாதீர்கள். கீல் பெட்டிக்குள் கூழாங்கல் புகுந்து, காலையில் கீல் இறங்காது.

கீலைக் கழற்றிச் சீர்செய்வது

உப்பு நீரில் நிற்கும் படகுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை இது தேவைப்படும். படகைத் தூக்கி உறுதியான தாங்கிகளில் நிறுத்துங்கள். கீலின் கீழ் இரண்டு ஜாக்கி: ஒன்று அச்சாணிக்கு அருகே, ஒன்று பின்முனையில், மேலே மரத்தொட்டில் வைத்து. எடை முழுதும் ஜாக்கியில் இறங்கிய பின் கம்பிக் கயிற்றைக் கழற்றுங்கள், பிறகு தாங்கிகளின் போல்ட்டுகள். கீலின் அடியில் கையோ காலோ ஒரு கணமும் போகக் கூடாது. இறக்கியதும் மணல் வீசித் துருவை வெள்ளை உலோகம் வரை எடுத்து, அன்றைக்கே முதல் எபாக்சி பூச்சு. மறுநாள் என்று விட்டால் இரவுக்குள் மெல்லிய துரு படரும்; அதன்மேல் பூசியது அடுத்த வருடம் தகடு தகடாக வரும். பூச்சுகளை அளவாகப் போடுங்கள். குழி நிரப்பி, தேய்த்து, மறுபடி நிரப்பி அழகாக்கிய கீல் தடித்துப்போய்ப் பெட்டிக்குள் ஏறாமல் சிக்கிய கதை எல்லாத் துறைமுகத்திலும் உண்டு. மாட்டும் முன் பெட்டியின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள்.

முட்டை வடிவமான துளையைப் பட்டறையில் கொடுத்துத் துளைத்து உறை பொருத்தச் சொல்லலாம். அச்சாணியைப் புதிதாகவே போடுங்கள். கீலுக்கும் தாங்கிகளுக்கும் நடுவே வாஷர் அடுக்கிப் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறையுங்கள், ஆனால் கீல் தன் எடையிலேயே தடையில்லாமல் விழும் அளவு இடம் வேண்டும். மேல்தளப் பொருத்துகளைக் கழற்றும் வேலையும் இதே சமயம் வைத்துக்கொண்டால், துளையின் வாயைச் சற்று அகலப்படுத்திப் நீர் புகாமல் அடைக்கும் பியூட்டைல் டேப் சுற்றி இறுக்குங்கள். சிலிகான் வேண்டாம், ஒரு முறை பட்டால் அந்த இடத்தில் வேறெதுவும் ஒட்டாது.

குளிர்காலத்தில் நிறுத்தும்போது அணியம் உயரமாக இருக்கும்படி டிரெய்லரின் முன்சக்கரத்தைத் தூக்கிவிடுங்கள், மழைநீர் பின்பக்கத் துளைகள் வழியாக வடியும். அந்தத் துளைகளில் இலை அடைத்தால் நீர் நிறைந்து அறைக்குள் வரும். தார்ப்பாய் போட்டாலும் மாதம் ஒரு முறை போய்ப் பாருங்கள். தார்ப்பாய் மூச்சுவிட இரு பக்கமும் இடைவெளி விடுங்கள். மெத்தைகளை வீட்டுக்கு எடுத்துப்போங்கள், பேட்டரியையும். கீலைக் கட்டையில் இறக்கி, கம்பிக் கயிற்றைத் தளர்த்தி வையுங்கள். டயர்களில் வெயில் படாமல் பழைய சாக்கு மாட்டினால்கூடப் போதும்.